நிற்கவைத்துக் கொன்ற தேக்கும் சீவச் சீவ ஊறும் பனையும்

பர்மாக் காடுகளில் ஒரு தேக்கை வெட்டிச் சாய்ப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே அதைக் கொன்றுவிடுவார்கள். அடிமரத்தைச் சுற்றிக் கோடாலியால் ஒரு வளையம் போடுவார்கள். பட்டையோடு நிறுத்தமாட்டார்கள். அதற்கடுத்த வெளிறிய மரத்தையும் கொத்தியெடுத்து, உள்ளே வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதி, கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடுத்த மரத்துக்குப் போவார்கள். மரம் நின்ற இடத்திலேயே நின்று காயும். 1856-இல் பெகு காடுகளின் பொறுப்புக்கு வந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்று ஒழுங்கு செய்தபோதும் இந்த வளையம் அந்த முறையில் இருந்தது.

இதற்குக் காரணம் தண்ணீர். பச்சைத் தேக்கை ஆற்றில் போட்டால் மூழ்கிவிடும். காய்ந்த தேக்கு மிதக்கும். பாதையே இல்லாத காட்டிலிருந்து யானைகள் இழுத்துவந்து ஓடையில் தள்ளும் கட்டைகள், மழைக்கால வெள்ளத்தோடு ஐராவதிக்கோ சல்வீனுக்கோ வர வேண்டும்; அங்கே தெப்பமாகக் கட்டப்பட்டு ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் மிதந்து போக வேண்டும். ஆகவே ஆற்றில் இறங்குவதற்கு முன்பே கட்டைக்குள் இருக்கும் நீர் வெளியேறியாக வேண்டும்.

என் தாத்தா மோல்மேனில் மர மில்லில் வேலை பார்த்தவர். "பட்டையை மட்டும் உரிச்சா தேக்கு லேசுல சாகாது, வெள்ளையையும் வெட்டணும்" என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளை என்று அவர் சொன்னது வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு. பள்ளியில் தாவரவியல் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியபோதுகூட, தாத்தா சொன்ன ஒரு வரிக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. செடிகளுக்குள் இரண்டு தனித்தனிக் குழாய்ப் பாதைகள் இருக்கின்றன, இரண்டும் நேர்மாறான விதத்தில் வேலை செய்கின்றன என்பதைத்தான் அவர் கோடாலியை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

வெளியிலிருந்து உள்ளே போவோம். முதலில் தடித்த பட்டை. அதன் உட்புறத்தில் ஈரமான மெல்லிய அடுக்கு, இலையில் செய்த சர்க்கரை ஓடும் பாதை. அதற்கடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வளர்படலம். அது வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் மரத்தையும் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். அதற்குள்ளே வெளிறு, வேரிலிருந்து நீர் ஏறும் பாதை. நடுவில் வைரம். நீர்ப் பாதையைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் சைலம் என்றும் உணவுப் பாதையைப் புளோயம் என்றும் எழுதுகின்றன. இலங்கைப் புத்தகங்களில் அவை காழ், உரியம். எனக்கு இலங்கைச் சொற்கள்தான் பிடிக்கும். காழ் என்றால் வைரம், உரியம் என்றால் உரித்தால் வருவது; சொல்லிலேயே இடம் தெரிந்துவிடுகிறது.

காழில் நீரைக் கொண்டுபோகும் குழாய்கள் செத்தவை. ஒரு செல் நீண்டு வளர்ந்து, சுவரைக் கெட்டிப்படுத்திக்கொண்டு, தன் உள்ளடக்கத்தைத் தானே கரைத்துவிட்டுச் சாகிறது. மேலும் கீழும் உள்ள செல்களோடு சேரும் இடத்தில் தடுப்புச்சுவரும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது வெறும் குழாய். தேக்குப் பலகையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் வளையம் வளையமாக ஊசித் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். அவைதான் அந்தக் குழாய்கள். வயதாக ஆக உட்பக்கக் குழாய்களுக்குள் அக்கம்பக்கத்துச் செல்கள் பலூன்போலப் புடைத்து வந்து அடைத்துவிடுகின்றன; கறையானுக்கு ஆகாத பொருள்களும் அங்கே சேர்கின்றன. மரம் வைரம் பாய்வது என்றால் இதுதான். வைரத்தில் நீர் ஓடாது. அதனால்தான் நடுவில் பொந்து விழுந்த புளியமரம் ஆண்டுக்கணக்கில் காய்க்கிறது, வெளிறை மட்டும் சுற்றி வெட்டிய தேக்கோ பிழைப்பதில்லை.

சரி, செத்த குழாயில் நீரை மேலே ஏற்றுவது யார்? கிணற்றில் உறிஞ்சுகுழாய் வைத்தவர்களுக்குத் தெரியும், மேலிருந்து உறிஞ்சி எடுக்கும் பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்காது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தாங்கும். நல்ல தேக்கு 30 மீட்டரைத் தாண்டும். வழியெங்கும் உயிருள்ள செல்கள் சின்னச் சின்னப் பம்புகளாக இருந்து தள்ளுகின்றனவோ என்று நினைப்பது இயல்பு. ஜெகதீஷ் சந்திர போஸ் 1920-களிலும் அப்படித்தான் வாதாடினார். தண்டின் செல்கள் இதயம்போலத் துடித்து நீரை ஏற்றுகின்றன என்றார். அழகான எண்ணம், ஆனால் நிற்கவில்லை. அதற்கு முன்பே ஜெர்மனியில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர், 20 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஒரு ஓக் மரத்தை அடியில் அறுத்து, நஞ்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருந்தார். வழியில் இருந்த உயிருள்ள செல்களையெல்லாம் கொன்றபடி நஞ்சு உச்சி இலைவரை ஏறியது. அதற்குப் பிறகும் நீர் ஏறியது. இலைகள் பட்டுப்போன பிறகுதான் நின்றது.

ஆக, இழுப்பது இலைதான். இலையின் அடிப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. கரியமில வாயுவை உள்ளே விடத்தான் செடி அவற்றைத் திறக்கிறது. திறந்தால் நீராவி வெளியே போவதைத் தடுக்க முடியாது. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் காற்றோடு போகிறது. வீண்செலவு என்று தோன்றும். ஆனால் இலைச்செல்லின் சுவரில் உள்ள கண்காணா இடுக்குகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, அந்த இடுக்கிலுள்ள நீரின் மேற்பரப்பு உள்வாங்கி வளைகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்பவை. ஆகவே மேலே ஏற்படும் அந்தச் சின்ன வளைவின் இழுப்பு, அறுபடாத கயிறுபோல வேர்நுனி வரைக்கும் இறங்குகிறது. 1894-இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது. பகல் நேரத்தில் ஒரு சாதாரண மரத்தின் குழாயில் 10 முதல் 20 வளிமண்டலம் அளவுக்கு இழுவிசை இருக்கும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்று சுமார் இரண்டு வளிமண்டல அழுத்தம். இங்கே அதைவிடப் பல மடங்கு, அதுவும் எதிர்த்திசையில்.

இவ்வளவு இழுப்பில் குழாய் சப்பிப்போக வேண்டாமா? மலிவான உறிஞ்சுகுழலில் கெட்டியான பலூடாவைக் குடித்தால் குழல் ஒட்டிக்கொள்கிறதே, அதுபோல. அப்படி ஆகாமல் இருக்கத்தான் குழாயின் உட்சுவரில் வளையமாகவும் சுருள்கம்பியாகவும் தடிப்புகள் வைத்திருக்கிறது செடி. ஷான் மாநிலத்தின் இன்லே ஏரிக்குப் போனவர்கள் அந்தச் சுருள்கம்பியைக் கையில் தொட்டிருப்பார்கள். அங்கே தாமரைத் தண்டுகளை ஐந்தாறாகச் சேர்த்து, கத்தியால் லேசாகக் கீறி, ஒடித்து இழுக்கிறார்கள். சிலந்தி நூல்போல வெண்மையாக நீண்டு வருவதை ஈரப்பலகையில் வைத்து உருட்டித் திரித்து, தறியில் ஏற்றித் துணி நெய்கிறார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் பிக்குகளுக்கும் புத்தர் சிலைகளுக்கும் போர்த்துவதற்கு. நம் பேச்சில் வரும் தாமரை நூலும் இதுதான். நீர்க்குழாயின் உட்சுவரில் இருந்த சுருள், இழுத்தவுடன் பிரிந்து நூலாக வருகிறது. மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸுக்கு வாழைத்தண்டு நறுக்கும்போது அப்பத்தா விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போடும் நாரும் இப்படிப்பட்ட குழாய்க் கட்டுகளிலிருந்து வருவதே. அதை நெய்ய யாரும் மெனக்கெடவில்லை.

இழுத்துக் கட்டிய கயிறு எப்போதாவது அறுந்துதான் தீரும். வறட்சி முற்றும்போது குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நுழைந்து சட்டென்று விரியும். அந்தக் குழாயில் ஓட்டம் நின்றுவிடும். 1960-களில் பிரிட்டனில் மில்பர்ன் என்ற ஆய்வாளர், ஒலிவாங்கி வைத்து இந்த அறுபடும் சத்தத்தைக் கேட்டார். குழாய்களுக்கு இடையிலுள்ள நுண்சல்லடைகள் குமிழி பக்கத்துக் குழாய்க்குப் பரவாமல் தடுக்கின்றன. தேக்கின் குழாய்கள் அகலமானவை, நீர் வேகமாக ஓடும், ஆனால் குமிழிக்கும் எளிதில் ஆளாகும். பர்மாவில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் முடிய மழை கிடையாது என்றே சொல்லலாம். தேக்கு அந்தச் சமயத்தில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்பது சோம்பேறித்தனம் இல்லை என்பது இப்போது விளங்கும்.

வளையம் வெட்டிய தேக்குக்குத் திரும்பினால், அங்கே நடப்பது கொஞ்சம் கொடூரம். கீழிருந்து வரும் நீர் நின்றுவிட்டது. மேலே இலைகளுக்கு அது தெரியாது. கொஞ்ச காலம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். மரம் தன்னைத் தானே உலர்த்திக்கொள்கிறது. மில்காரர்களுக்குச் செலவில்லாத உலர்த்தல்.

தாதுக்களும் இதே நீரில்தான் ஏறுகின்றன, ஆனால் வாசலில் காவல் உண்டு. வேரின் உள்ளே ஒரு செல் வளையத்தின் இடுக்குகளையெல்லாம் நீர் புகாத மெழுகுத்தன்மையுள்ள பொருள் அடைத்திருக்கிறது. மண்ணில் கரைந்த எதுவும் இடுக்கு வழியாக உள்ளே நழுவ முடியாது. ஏதாவது ஒரு செல்லின் சவ்வைத் தாண்டியே ஆக வேண்டும். சவ்வில் ஒவ்வொரு உப்புக்கும் தனிக் கதவும் பம்பும் உண்டு. பொட்டாசியம், நைட்ரேட் போன்றவற்றை வேர் தன் சக்தியைச் செலவழித்து உள்ளே இழுக்கிறது. அந்தச் சக்திக்கு மூச்சுக்காற்று வேண்டும். ஐராவதி டெல்டாவின் சேற்று வயலில் காற்று ஏது? நெல் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் வெற்றிடங்கள் அதன் தண்டிலும் வேரிலும் இருக்கின்றன. விடியற்காலையில் நெல்நுனியில் முத்து முத்தாக நிற்பதில் பாதி பனித்துளியே இல்லை. இரவில் துளைகள் மூடியிருக்க, வேர் மட்டும் உப்பை இழுத்து, அதைத் தொடர்ந்து நீரும் வந்து, அழுத்தம் கூடி நுனிவழியே கசிந்தது அது.

இந்த ஏற்பாடு முழுவதும், மண்ணின் நீரைவிட வேருக்குள் கரைசல் செறிவாக இருப்பதை நம்பி நிற்கிறது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் கடலைத் தூக்கி டெல்டா வயல்களில் கொட்டியபோது அது தலைகீழானது. கடல்நீர் தன் உப்பால் நீரைப் பிடித்துவைத்திருக்கும் பலம் சுமார் 25 வளிமண்டலம். நாற்றால் அதை எதிர்த்து இழுக்க முடியாது. கண்ணெதிரே தண்ணீர் நிற்க, பயிர் தாகத்தில் சாகும். அதே டெல்டாவின் ஓரங்களில் உள்ள அலையாத்தி மரங்களோ அந்தக் கடல்நீரில்தான் பிழைக்கின்றன. ஷோலாண்டர் என்பவர் 1965-இல் வெளியிட்ட அளவுகளின்படி, அலையாத்திகளின் குழாயில் இழுவிசை 30 முதல் 60 வளிமண்டலம். வேரில் உப்பை வடிகட்டி, ஏறக்குறைய நன்னீரைத்தான் அவை மேலே ஏற்றுகின்றன.

பட்டையை மட்டும் உரித்தால்? பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியின் மால்பிகி அப்படி வளையமாக உரித்துப் பார்த்தார். இலைகள் வாடவில்லை. ஆனால் வளையத்துக்கு மேல்பக்கம் தடித்து வீங்கியது. நீர் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, கீழே இறங்க வேண்டிய உணவு மட்டும் தேங்கிவிட்டது. வேரில் சேமிப்பு தீரும்வரை மரம் தாக்குப்பிடிக்கும்; தாத்தா சொன்ன 'லேசுல சாகாது' இதைத்தான். கொய்யாக் கிளையில் பட்டையை உரித்து ஈரமான தேங்காய்நார்க் கழிவை வைத்துக் கட்டி விண்பதியம் போடுகிறோமே, அங்கும் தேங்கிய சர்க்கரையும் வளர்ச்சிப் பொருள்களும்தான் வளையத்துக்கு மேலே வேர் விடவைக்கின்றன.

உணவுக் குழாயில் இழுப்பு இல்லை, தள்ளல். இலை தான் செய்த சர்க்கரையை இந்தக் குழாய்க்குள் பம்பு செய்து ஏற்றுகிறது. சர்க்கரை செறிந்தால் பக்கத்துக் காழிலிருந்து நீர் தானாக உள்ளே பாய்கிறது, அழுத்தம் ஏறுகிறது. வேரோ காயோ கிழங்கோ சர்க்கரையை இறக்கிக்கொள்ளும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சாறு ஓடுகிறது, மணிக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்ற கணக்கில். 1930-இல் எர்ன்ஸ்ட் மூன்ச் இதை விளக்கினார். அவரும் ஜெர்மன் காட்டியல்காரர்தான், பிராண்டிஸைப் போல. திசை மேலா கீழா என்பது முக்கியமில்லை. வேண்டிய இடத்துக்குப் போகும். அவரைக் கொடியின் நுனியில் மொய்க்கும் அசுவினி ஒற்றைக் குழாயில் ஊசிவாயைச் செருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. உறிஞ்சக்கூட வேண்டாம், உள்ளழுத்தமே ஊட்டிவிடும். குடித்தது போக மிச்சம் பின்னால் இனிப்புத் துளியாக வடிவதைத் தேடித்தான் எறும்பு வருகிறது.

இந்த அழுத்தத்தில் பிழைப்பு நடத்துகிறவர்களைப் பார்க்க நடுப் பர்மாவில் பகான், நியாங்-ஊ பக்கம் போக வேண்டும். மழை குறைந்த அந்த மேட்டுநிலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் பனை. ராமநாதபுரத்துக்காரர் யாரையாவது அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் ஊர் வந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வார். பர்மியர் அதைத் தன்-பின் என்பார்கள். மரத்தோடு கட்டிவைத்த மூங்கில் ஏணியில் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, கலயத்தை மாற்றுகிறார்கள். பதநீர், கள், கருப்பட்டி எல்லாம் நம் ஊர் கதையேதான்.

பாளையில் வடிவது உணவுக் குழாயின் சாறு. பத்துக்கு மேற்பட்ட சதவீதம் சர்க்கரை. பூவுக்கும் காய்க்கும் போக வேண்டியதைப் பாதிவழியில் மறித்து வாங்கிக்கொள்கிறோம். ஆனால் சாதாரணமாக ஒரு செடியை வெட்டினால் இப்படி ஊற்றுவதில்லையே? இந்தக் குழாய்கள் உயிருள்ளவை. காயம் பட்டவுடன் உள்ளே மிதக்கும் புரதங்கள் ஓடிவந்து, குழாயின் ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே உள்ள சல்லடைத் துளைகளை அடைக்கும், அதன்மேல் பூச்சும் ஏறும். ரத்தம் உறைவதைப் போல. அதனால்தான் பனையேறி பாளையைப் பல நாள் நசுக்கித் தட்டிப் பழக்குகிறார். அப்புறம் ஒவ்வொரு முறையும் மெல்லிய ஒரு சீவல், அடைபட்ட வாயை மட்டும் எடுத்துவிட. ஒரு வேளை ஏறாவிட்டால் சாறு குறையும் என்று அவர்கள் சொல்வது மிகையில்லை.

தேக்கைப் போலப் பனைக்கு வளையம் போட்டுப் பாருங்கள், பலிக்காது. வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்துவைத்தது; பனை அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கில் பக்கத்தில்தான் வைக்கிறது. அதற்கு வளர்படலம் கிடையாது, உரிக்கிற பட்டை கிடையாது. நீர்க்குழாயும் உணவுக்குழாயும் சேர்ந்த கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக்கிடக்கின்றன. தேக்கு ஆண்டுதோறும் புதுக் குழாய் போட்டுக்கொள்ளும். பனைக்கு அந்த வசதி இல்லை. வாலிபத்தில் போட்டதை வைத்தே கடைசிவரை ஓட்ட வேண்டும். அதன் அடித்தண்டில் உள்ள உணவுக்குழாய்ச் செல் ஒவ்வொன்றும், உட்கரு இல்லாமல், பக்கத்துத் துணைச்செல்லின் தயவில், மரத்தின் வயசு முழுவதும், சில பனை இனங்களில் நூறு ஆண்டுக்கும் மேலாக, உயிரோடு இருக்கிறது. நம் ரத்தச் சிவப்பணுவுக்கும் உட்கரு கிடையாது, அது நான்கு மாதத்தில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பனைகள் பெரும்பாலும் நிற்பது நிலக்கடலைக் காட்டின் வரப்புகளில். பர்மியச் சமையலுக்குக் காலங்காலமாக எண்ணெய் தரும் பயிர்களில் ஒன்று இந்த மேட்டுநிலத்து நிலக்கடலை. இந்த இரண்டு பாதைகளின் வேறுபாடு விவசாயியின் பணத்தில் கைவைக்கும் இடமும் இதுவே. நைட்ரஜன், பொட்டாசியம் போன்றவை உணவுக்குழாயிலும் பயணம் செய்யும். தழைச்சத்து குறைந்தால் பழைய இலை தன்னிடம் உள்ளதைப் புது இலைக்குக் கொடுத்துவிட்டு முதலில் மஞ்சளாவது அதனால்தான். சுண்ணாம்புச் சத்து அப்படி இல்லை. அது உணவுக்குழாயில் ஏறவே ஏறாது என்று சொல்லிவிடலாம். நீர் போகும் இடத்துக்கு மட்டும் போகும். நீர் போவதோ ஆவியாகும் இலைக்கு. கடலைக்காய் மண்ணுக்குள் இருக்கிறது, அங்கே ஆவியாக எதுவும் இல்லை. சர்க்கரை தாய்ச்செடியிலிருந்து உணவுக்குழாய் வழியே இறங்கிவிடும், சுண்ணாம்பு மட்டும் இறங்காது. பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதும் அதன் நுனியில் பிடிக்கும் காயும் தங்களைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் நம் ஊரில் விதைத்த நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில், விழுது இறங்கும் சமயம் பார்த்து, சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சத்தைச் செடியை ஒட்டித் தூவி மண் அணைக்கச் சொல்கிறார்கள். செடியை விட்டு எட்டத்தில் போட்டால் வேர் எடுத்து இலைக்கு அனுப்பிவிடும். செடி செழிப்பாக நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் காய் பொக்காக இருக்கும்.